அடுப்படி வாடை சொல்லும் சேதி

வீட்டுச் சுகாதாரப் பாடம்



இந்தப் பாடத்தை ஒரு பிள்ளையின் அழுகையோடு தொடங்குவோம். ஐந்தாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண்பிள்ளை. ஒருநாள் காலையில், "நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்று இஸ்தோப்பிலே உட்கார்ந்துகொண்டது. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலியும் இல்லை. கெஞ்சிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தது. "பக்கத்துல இருக்கிற புள்ள மூக்கப் பொத்துதும்மா. ஒன் சட்டையில பொகை நாறுதுன்னு சொல்லுது."

தாய்க்கு நெஞ்சு சுருக்கென்றது. முந்தாநாள் சவர்க்காரம் போட்டு அடித்துத் துவைத்த வெள்ளைச் சட்டை அது. எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. "சும்மா சொல்லுதுங்க, நீ போ" என்று கொஞ்சம் பவுடரைத் தூவி அனுப்பிவைத்தாள்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலே சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழும்பும் எந்த வீட்டிலும் இது நடக்கும். அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. அவள் மூக்குத்தான் அவளை ஏமாற்றிவிட்டது.

மூக்கு ஏன் ஏமாற்றுகிறது?

ஒரே வாடை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சில நிமிஷத்திலேயே மூக்கு அதற்குப் பழகிப்போகும். தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறவருக்குத் தேயிலை வாசம் தெரிவதில்லை. வெளியிலிருந்து வருகிறவர்தான், "ஆகா, என்ன வாசம்!" என்பார். அடுப்படி வாடையும் அப்படித்தான். உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது, வருகிறவருக்குத் தெரியும்.

ஆகவே முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். காசு செலவில்லை. பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து வீட்டுக்கு வருவீர்கள் அல்லவா? கூடையை இறக்கி வைத்ததும் நேரே உள்ளே போகாதீர்கள். வாசற்படியில் நின்று மூச்சை நன்றாக இழுங்கள். வெளிக்காற்றில் அவ்வளவு நேரம் இருந்த மூக்கு அப்போது உண்மையைச் சொல்லும். என்ன வாடை? கண்ணைக் கரிக்கிற புகையா? தார் மாதிரியா? அழுகலா? ரப்பர் எரிந்தது போலவா? ஒவ்வொரு வாடைக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை நீக்கினால் வாடை போய்விடும். காரணத்தை விட்டுவிட்டுப் பவுடர் போட்டாலும் ஊதுவத்தி கொளுத்தினாலும் அது திரும்பத் திரும்ப வரும். சாம்பிராணி சாமி கும்பிடுவதற்கு. புகை வாடைக்கு அதைப் போட்டால், இருக்கிற புகையோடு இன்னொரு புகை சேரும், அவ்வளவுதான்.

முதலாவது வாடை: சமைக்கும்போது கண் கரிக்கும் புகை

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஈர விறகுதான். பச்சையாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் காயவைக்கத்தான் பாடுபடும். சூடு குறையும். சூடு குறைந்தால் விறகு முழுதாக எரியாது. எரியாத மிச்சந்தான் புகையாகக் கிளம்பி, கண்ணிலும் நெஞ்சிலும் துணியிலும் போய் ஒட்டுகிறது. ஈர விறகு எரிக்கிறவர் விறகையும் நட்டப்படுகிறார், நேரத்தையும் நட்டப்படுகிறார்.

விறகு காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது எப்படி? இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் காய்ந்தது. 'தொப்' என்று கேட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெட்டு முனையில் வெடிப்பு விழுந்திருந்தால் காய்ந்து வருகிறது என்று அர்த்தம். அடுப்பில் வைத்ததும் முனையில் நுரை தள்ளி 'உஸ்' என்று சத்தம் போடுகிற விறகு சமையலுக்கு ஆகாது.

காயவைக்கும் முறை இதுதான். கிராண்டிஸ், டர்பன் போன்ற பெரிய கட்டைகளை முழுசாக அடுக்காமல் மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துவிடுங்கள். நிலத்தில் போடாமல் இரண்டு கல்லோ கட்டையோ வைத்து அதற்கு மேல் அடுக்குங்கள். மேலே ஒரு தகரம் போடுங்கள். பக்கங்களை மூடாமல் விடுங்கள். மழை படக்கூடாது, காற்று போகவேண்டும். பிளந்த கட்டை காய ஆறு மாதம் வரை பிடிக்கும். கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவரும் மிலாறு மெல்லியது. அது சீக்கிரம் காயும். மேற்குப் பக்கத் தோட்டங்களில் தென்மேல் மழை மே, ஜூனில் பிடித்துக்கொள்ளும். ஊவாப் பக்கம் மார்கழி, தைமாத மழை. மழை தொடங்கிய பிறகு விறகு தேடி ஓடினால் ஈர விறகுதான் கிடைக்கும். வெயில் காலத்திலேயே சேர்த்து வையுங்கள்.

அடுப்புக்கு நேர் மேலே பரண் கட்டி விறகு காயப்போடும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. விறகு காயுந்தான். ஆனால் ஒரு பொறி பறந்தால் போதும். ஒரே கூரையின் கீழே வரிசையாக இருக்கிற லயத்திலே ஒரு காம்பராவில் பிடிக்கிற நெருப்பு அங்கேயே நிற்காது. பரணை அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல் தள்ளி வையுங்கள்.

இரண்டாவது காரணம் காற்றுக் குறைவு. விறகை அடுப்புவாய் நிறையத் திணித்தால் நெருப்பு மூச்சு விட முடியாது. இரண்டு மூன்று மெல்லிய விறகு போதும். விறகின் அடியில் ஓர் உடைந்த செங்கல் துண்டையோ இரும்புக் கம்பிகளையோ வைத்துக் கொஞ்சம் உயர்த்தினால், கீழிருந்து காற்று ஏறி நெருப்புச் சுடராக எரியும். சாம்பல் நிறைந்துபோனால் அந்த வழி அடைபடும். ஒவ்வொரு நாளும் காலையில் ஆறிய சாம்பலை அள்ளிவிடுங்கள். சமையல் முடிந்ததும் மிச்ச விறகைப் புகையவிடாமல் வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணைத்துவிடுங்கள். புகைந்துகொண்டே கிடக்கும் கொள்ளிதான் இராத்திரி முழுக்க வீட்டை நாறடிக்கிறது.

அனகி அடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980களில் நம் நாட்டிலேயே உருவான களிமண் அடுப்பு இது. சிங்களத்தில் 'அனகி' என்றால் விலைமதிப்பில்லாதது என்று பொருள். ஒரே நெருப்பில் இரண்டு சட்டி வைக்கலாம். நெருப்பு வெளியே சிதறாமல் சட்டியின் அடியில் படுவதால் மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகப் பிடிக்கும். ஆனால் அதற்குப் புகைக்கூண்டு கிடையாது. அனகி வைத்தாலும் புகை வெளியேற வழி வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டாவது வாடை: மழை நாளில் வரும் தார் வாடை

"அடுப்பு மூட்டவே இல்ல நர்ஸம்மா. ஆனா மழை பேஞ்சா வீடெல்லாம் என்னமோ கருகின வாடை அடிக்குது" என்று பல அக்காமார் சொல்வார்கள். இது பழைய புகையின் வாடை. எரியாத புகை மேலே போய்க் குளிர்ந்த தகரத்திலும் சுவரிலும் புகைக்கூண்டுக்குள்ளும் தார் போலப் படிகிறது. வெயில் நாளில் அது சும்மா இருக்கும். மழை ஈரம் பட்டதும் ஊறி வாடையைக் கிளப்பும். சில வீட்டில் கறுப்புத் தண்ணியாகச் சோற்றுச்சட்டியில் சொட்டுவதும் உண்டு.

புகைக்கூண்டு உள்ள வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள். உள்ளே கரி ஓர் ஒற்றை ரூபாய்க் குற்றியின் கனத்துக்கு மேல் படிந்திருந்தால் சுரண்டிவிட வேண்டும். வாடைக்காக மட்டுமல்ல, அந்தக் கரியே தீப்பிடித்து எரியக்கூடியது. அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, நீளக் கம்பின் முனையில் பழைய சாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கீழிருந்து மேலும் கீழும் தேயுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். குருவிக்கூடு இருந்தால் அதுவும் புகையை அடைத்துக்கொள்ளும்.

கூண்டின் தலை, கூரையின் முகட்டைவிட இரண்டு அடியாவது உயர்ந்திருப்பது நல்லது. முகட்டுக்குக் கீழே கட்டையாக நின்றால், மலைக்காற்று கூரையில் மோதி இறங்கும்போது புகையை மறுபடி வீட்டுக்குள்ளேயே தள்ளிவிடும். தலையில் மழை விழாதபடி ஒரு தகரத் தொப்பியும் வேண்டும். இந்த வேலையை மழை ஈரத்தில் கூரை ஏறிச் செய்யாதீர்கள். பழைய தகரமும் அஸ்பெஸ்டஸ் ஷீட்டும் ஆள் பாரத்தைத் தாங்காமல் உடைந்துவிடும். அஸ்பெஸ்டஸ் ஷீட்டைக் கம்பித் தூரிகையால் சுரண்டவும் கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

சுவரில் படிந்த கரியைச் சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். கரியைக் கழுவாமல் அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்தால் வெள்ளை நிறம் கிடைக்கும், வாடை போகாது.

மூன்றாவது வாடை: அழுகல்

புளித்த வாடையோ செத்த வாடையோ வந்தால் நெருப்பைக் குறை சொல்லாதீர்கள். பொங்கி வழிந்த கஞ்சி, மீன் கழுவிய தண்ணி, சாம்பலில் எறிந்த முள்ளும் எலும்பும், அடுப்புக்குப் பின்னால் செத்துக் கிடக்கிற எலி, இவைதான் காரணம். அடுப்படி குப்பைத்தொட்டி அல்ல. வழிந்ததை அன்றைக்கே துடையுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு எடுத்துப் புதைத்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆறிய, காய்ந்த விறகுச் சாம்பல் மரக்கறித் தோட்டத்துக்குக் கொஞ்சமாகப் போட நல்லது. நனைந்த சாம்பலை மூலையில் குவித்து வைக்காதீர்கள்.

நான்காவது வாடை: ரப்பர், பொலித்தீன், மண்ணெண்ணெய்

அடுப்பு மூட்டுவதற்கு ஷொப்பிங் பை, பழைய சைக்கிள் டயர்த் துண்டு, அறுந்த செருப்பு என்று வைக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கொஞ்சம் பொலித்தீன்தானே என்று தோன்றும். அந்தப் புகையில் இருப்பது விஷம். சட்டியில் வேகிற சோற்றிலும் அது படியும். பெயின்ட் அடித்த பலகை, மருந்தடித்த போத்தல், கேன் எதுவும் அடுப்புக்கு ஆகாது.

மண்ணெண்ணெயும் வேண்டாம். 2022 ஓகஸ்ட் மாதம் ஒரு லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது நினைவிருக்கும். விலையைவிடப் பெரிய விஷயம் உயிர். புகைந்துகொண்டிருக்கிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினால் நெருப்பு போத்தலுக்கே பாய்ந்து வரும். காய்ந்த மிலாறுச் சுள்ளி, காய்ந்த கிராண்டிஸ் இலை, தேங்காய் மட்டை நார், மரச்சீவல் இவற்றில் ஒரு பிடியை டின்னில் போட்டு மூடி வையுங்கள். காலையில் பிரட்டுக்குப் போகிற அவசரத்திலும் ஒரு தீக்குச்சியில் அடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கேஸ் அடுப்பும் விறகு அடுப்பும் சேர்ந்திருக்கிற வீடுகள் இப்போது உண்டு. கேஸுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அழுகல் வாடையைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த வாடை வந்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள், லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். விறகு அடுப்பு பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். நெருப்பு எதுவும் இல்லையென்றால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். கேஸ் காற்றைவிடப் பாரமானது. தரையோடு பரவி நிற்கும். அதனால் கேஸ் சிலிண்டரை விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதே ஆபத்து.

வாடையே இல்லாத விஷம்

இதுவரை சொன்னதெல்லாம் வாடை காட்டிக்கொடுக்கும் ஆபத்து. காட்டிக்கொடுக்காத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் காபன் மொனொக்சைட். விறகோ கரியோ காற்றுக் குறைவாக எரியும்போது உண்டாகும் வாயு. நிறம் கிடையாது, வாடை கிடையாது. புகையே இல்லாமல் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கிற தணலிலிருந்துதான் இது அதிகம் வரும்.

நுவரெலியாப் பக்கம் தை மாதக் குளிரில் தணல் சட்டியை உள்ளே வைத்து, கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் சாக்கும் திணித்துவிட்டுப் படுக்கிறோம். பிள்ளை பெற்ற தாய்க்குக் கட்டிலுக்கு அடியில் தணல் வைக்கிற வீடும் உண்டு. பெரியவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் மூடிய அறையில் தணல் வைப்பது தாயையும் பச்சைப்பிள்ளையையும் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடலாம். கம்பளி போர்த்துங்கள், சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றித் தாயின் காலடியில் வையுங்கள். தணல் மட்டும் வேண்டாம்.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி, அசதி ஆகியவை அடையாளங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்து, வெளியே போனால் குறைகிறதென்றால் சந்தேகப்படுங்கள். உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

பழகிப்போனால் போதுமா?

"எங்க அம்மாயி காலத்துலருந்து இந்தப் பொகையிலதான் இருக்கோம், எங்களுக்குப் பழகிருச்சு" என்பார்கள். மூக்குப் பழகும். நெஞ்சு பழகாது. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன் இறந்தார்கள் என்று உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. சிறுபிள்ளைகளுக்கு நியூமோனியா, தாய்மாருக்கு நெடுநாள் இருமலும் மூச்சிழைப்பும், வயதானவருக்குக் கண்ணில் வெண்புரை, இருதய வியாதி, எடை குறைந்து பிறக்கும் பிள்ளை இவற்றுக்கெல்லாம் இந்தப் புகை ஒரு காரணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பிடித்த அந்த வாடை இந்தப் புகை விட்டுச்சென்ற அடையாளம். சட்டையில் இருக்கிறதென்றால் நெஞ்சிலும் போயிருக்கிறது. ஆகவே கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

சட்டை வாடை போக

துவைத்த உடுப்பை அடுப்புக்கு மேலே காயப்போடுவதுதான் முதல் தவறு. ஈரத்துணி புகையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வெயில் இல்லாத நாளில் இஸ்தோப்பிலே காற்றில் காயட்டும். காய்ந்த சட்டையை ஆணியில் தொங்கவிடாமல், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் துணியில் முடிந்த கரித்துண்டு நாலைந்து போட்டால் அது வாடையை இழுத்துக்கொள்ளும். காலையில் சமையல் முடிந்த பிறகு பிள்ளைக்குச் சட்டை போட்டுவிடுங்கள். சமையல்கட்டுக்கும் உள் அறைக்கும் நடுவே கனமான துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். அடுப்புப் பக்கம் அது வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் சேர்ந்து செய்யவேண்டியது

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எல்லாப் பழியும் வீட்டுக்காரர்மேல் அல்ல. லயங்கள் பல வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியவை. பின்னோடு பின் சேர்த்துக் கட்டிய லயத்தில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. புகை போக வழியில்லாத காம்பராவில் எவ்வளவு துப்புரவாக இருந்தாலும் வாடை முழுதாகப் போகாது. அதற்காகச் சுவரை நீங்களே உடைக்காதீர்கள். அது பக்கத்து வீட்டுச் சுவரும்கூட. லயத்தாரெல்லாம் ஒன்றுகூடி, எந்தெந்தக் காம்பராவில் புகைக்கூண்டு இல்லை, எது உடைந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, நலன்புரி உத்தியோகத்தர் மூலமாகத் தோட்ட நிர்வாகத்திடமும், உங்கள் தோட்டத்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்திடமும் கொடுங்கள். ஒருவர் போய்க் கேட்டால் மறந்துவிடுவார்கள். இருபது கையெழுத்தை மறப்பது கஷ்டம்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு சொல். சமையல் பொம்பளை வேலை என்று ஒதுங்காதீர்கள். விறகு பிளப்பது, அடுக்குவது, கூண்டு சுத்தம் செய்வது, தகரம் போடுவது எல்லாம் உங்கள் பங்கு. புகையை அதிகம் குடிக்கிறவர் நாள் முழுதும் மலையில் நின்றுவிட்டு வந்து அடுப்படியில் குந்துகிறவர்தான்.

விடை சொல்லிப் பாருங்கள்

1. வீட்டு வாடையைச் சோதிக்க எந்த நேரம் நல்லது? ஏன்?
2. விறகு காய்ந்ததை எந்தச் சத்தத்தால் அறியலாம்?
3. அடுப்பு எரியாத மழை நாளில் ஏன் தார் வாடை வருகிறது?
4. வாடையே இல்லாத வாயு எது? வீட்டில் அதற்கு எப்படி இடம் கொடுக்கிறோம்?
5. உங்கள் வீட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யக்கூடிய மூன்று வேலைகள் எவை?

நான்காம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பாடத்தைப் பாட்டி தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஐந்தாவது கேள்விக்கு விடையைக் குடும்பமாகச் சேர்ந்து எழுதுங்கள். அடுத்த முறை பிள்ளை வந்து, "சட்டையில பொகை நாறுதும்மா" என்று சொன்னால் கோபப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். வாசற்படிக்குப் போய் நின்று மூச்சை ஒருதரம் இழுத்துப் பாருங்கள். பிள்ளை சொன்னது சரியா என்று அப்போது தெரிந்துவிடும். எங்கே தொடங்குவது என்றும் தெரிந்துவிடும்.